பழைய மடிக்கணினிக்குப் புத்துயிர்



மடிக்கணினி ஒன்றை வாங்கி ஏழெட்டு ஆண்டுகள் கழிந்தபின் அது மெல்ல மெல்லத் தளர்வதைக் காண்கிறோம். பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் தயாரித்து அருந்தி முடித்த பின்னரே அது கண்விழிக்கின்றது. உடனே, "இதற்கு வயதாகிவிட்டது, புதியது வாங்கவேண்டும்" என்று வீட்டில் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. அத்தீர்ப்பு நியாயமானதுதானா என்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

இது வெறும் வசதி பற்றிய வினா அன்று. 2020 மார்ச்சு மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கணினியே பல பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று. 2022இல், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. பின்னர் ரூபா ஓரளவு தலைநிமிர்ந்ததாயினும், புதிய மடிக்கணினியின் விலை இன்றும் ஓர் ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளத்தை விஞ்சியே நிற்கின்றது. அங்ஙனமாயின், கடலை நம்பி வாழும் எருக்கலம்பிட்டிக் குடும்பமொன்றுக்கு அது எத்துணைச் சுமை! உயர்தர வகுப்பில் பயிலும் பிள்ளையின் கல்வி அச்சுமையில் தங்கியிருக்கலாமா?

கணினி தளர்வதன் காரணம் யாது? பழைய மடிக்கணினிகள் பலவற்றில் தகவலைச் சேமித்து வைப்பது வன்தட்டு. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டு, 50 பெருந்தட்டுக்களில் ஏறத்தாழ 5 மில்லியன் எழுத்துக்களையே தாங்கியது. இன்றைய வன்தட்டு உள்ளங்கையில் அடங்குவது. எனினும் இயங்கும் முறை மாறவில்லை. மடிக்கணினியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 தடவை, அஃதாவது செக்கனுக்கு 90 தடவை சுழல்கின்றது. வேண்டிய தகவல் சுழன்று வரும்வரை அதனைப் படிக்கும் முனை காத்திருக்கவேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் செக்கனின் நூறிலொரு பங்களவு நேரம் கழியும். நமக்கு அது அற்பம். கணினியின் மூளையாகிய முறைவழியாக்கிக்கோ அது நெடுங்காலம். ஆகவே மூளை தளரவில்லை. அது காத்துக் கிடக்கின்றது.

இக்குறையை நீக்குவது எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகம். 1980களில் ஜப்பானியப் பொறியியலாளர் ஃபுஜியோ மசுவோக்கா, தொஷிபா நிறுவனத்தில் உருவாக்கிய மின்னியல் நினைவகமே இதன் அடிப்படை. இதில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. வன்தட்டைக் கழற்றி இதனைப் பொருத்தினால், நிமிடக்கணக்கில் காத்திருந்த கணினி பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் ஆயத்தமாகும். இதற்காகும் செலவோ புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியே.

அடுத்தது 'ராம்' எனும் தற்காலிக நினைவகம். இது மாணவனின் மேசையைப் போன்றது. மேசை சிறிதாயின், ஒரு நூலை விரிப்பதற்கு மற்றொன்றை அலுமாரியில் வைக்க நேரும். 4 கிகாபைட்டை 8 ஆக்கினால் மேசை விரியும். ஆயினும் டி.டி.ஆர்.3 பொருந்தும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது; மெலிந்த கணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு ஒட்டப்பட்டே இருக்கும். எனவே மாதிரி இலக்கத்தைப் பார்த்து உறுதிசெய்த பின்னரே வாங்குதல் வேண்டும். பற்றரி உப்பியிருந்தால் கணினியைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தி, அதனை மாற்றுக. விசிறியில் படிந்த தூசியையும் அகற்றுவிக்க வேண்டும்.

இனி மென்பொருள். விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்ட பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை; இன்ரெல் வகையில் 8ஆம் தலைமுறைக்கு முற்பட்டவை பெரும்பாலும் விலக்கப்படுகின்றன. அதனால் அவை உழைக்கும் ஆற்றலை இழந்துவிட்டன என்று கொள்ளற்க. பின்லாந்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடக்கிவைத்த லினக்ஸ், கட்டணமின்றிக் கிடைக்கின்றது. கடிதம், கணக்கு, இணையப் பாடம் ஆகியவற்றுக்கு அது போதுமானது. அதில் இயங்கும் லிப்ரே ஆபீஸ் தமிழ் இடைமுகமும் உடையது. உங்களுக்கு வேண்டிய மென்பொருளும் அச்சுப்பொறியும் அதில் இயங்குமா என்பதை, பென் டிரைவ் மூலம் முன்னரே சோதித்துப் பார்க்கலாம்.

எல்லாக் கணினியும் பிழைக்கும் என்று கூறேன். உப்புக் காற்றுப் பட்டுத் தாய்ப்பலகை அரிக்கப்பட்டதாயின், அல்லது திருத்தச் செலவு புதியதன் விலையில் பாதியை எட்டுமாயின், அதனை விட்டுவிடுவதே விவேகம். ஆனால் ஆராயாது எறிதல் தகாது. 2022இல் உலகில் சேர்ந்த மின்னியற் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்றும், அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியது என்றும் ஐக்கிய நாடுகள் நிறுவன அறிக்கை கூறுகின்றது.

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியாரும் வீடும் பொருளும் விட்டுச் சென்றனர். நெடுங்காலத்தின் பின் மீண்டு வந்தவர்கள், சிதைந்த வீட்டில் எந்தச் சுவர் நிற்கும், எது நில்லாது என்று தட்டிப் பார்த்தே பணியைத் தொடங்கினர். நிற்கும் சுவரை இடிக்க அவர்களிடம் பணம் இருக்கவில்லை. அக்கண்ணோடு கணினியையும் பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆதலின், கடைக்குச் செல்லுமுன் உங்கள் கோப்புக்கள் அனைத்தையும் வேறோரிடத்தில் படியெடுத்து வையுங்கள். பின்னர் திருத்துநரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இதில் இருப்பது வன்தட்டா, எஸ்.எஸ்.டி.யா? நினைவகத்தைக் கூட்ட இடமுண்டா? தாய்ப்பலகை நலமாக உள்ளதா? விடைகள் சாதகமாயின், புதியதற்கு ஒதுக்கிய பணத்தின் பெரும்பகுதி பிள்ளையின் நூல்களுக்கும் கட்டணங்களுக்கும் எஞ்சும். கழற்றிய வன்தட்டையும் எறிந்துவிடாதீர்கள். உறையொன்றில் இட்டால், அது கோப்புக்களின் படியைக் காக்கும் பெட்டகமாக இன்னும் உதவும்.