சிற்றிலும் வெள்ளோட்டமும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற கல்வி ஊக்குவிப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாம் வல்ல முருகப்பெருமானின் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன். "கணினி விளையாட்டும் பிள்ளைகள் கல்வியும்" என்று தலைவர் அவர்கள் அடியேனுக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கோயில் மேடையில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் நினைப்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வேலை இருக்கிறது. இவ்வாண்டு அறவாரியத்தின் முன் இரண்டு காரியங்கள் நிற்கின்றன. ஒன்று, அன்னதான மண்டபத்தை விரிவாக்குவது. மற்றொன்று, கல்வி நிதியைக் கொண்டு சனிக்கிழமை வகுப்பில் கணினிப் பிரிவு தொடங்குவது. கூட்டத்தில் இவற்றைத் தனித்தனியே பேசினோம். இரண்டையும் சேர்த்தே செய்யலாம் என்பது என் கருத்து. அதற்குச் சற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும்.

பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிறுமியர் மணலில் சிறு வீடு கட்டி விளையாடுவார்கள். பிள்ளைக் கடவுள் அதைக் காலால் அழிக்க வருவார். அழிக்க வேண்டாம் என்று அவர்கள் வேண்டிக்கொள்வார்கள். வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமி மீது குமரகுருபர சுவாமிகள் பாடிய பிள்ளைத்தமிழிலும் இந்தப் பருவம் உண்டு. ஆண்டாள் நாச்சியார், நாச்சியார் திருமொழியில் ஒரு திருமொழி முழுவதையும் இதற்கென்றே பாடியிருக்கிறார். மணலில் வீடு கட்டும் குழந்தை சும்மா இருக்கவில்லை. அடுப்பு எங்கே, வாசல் எங்கே, விருந்து வந்தால் எங்கே உட்கார வைப்பது என்று எண்ணிப் பார்க்கிறது. நவராத்திரிக் கொலுப் படிகளுக்குக் கீழே கண்ணாடியைக் குளமாக்கி, கடுகு முளைக்க வைத்து வயலாக்கி, செப்புச் சாமான்களால் ஓர் ஊரையே அமைக்கும் பிள்ளைகளும் செய்வது இதுதான்.

பெரியவர்கள் செய்தால் அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். புதிதாகச் செய்த தேரையோ பழுது பார்த்த தேரையோ, சுவாமியை எழுந்தருளச் செய்யாமல் முதலில் வெறுந்தேராக இழுத்துப் பார்ப்பார்கள். திருவாரூர் ஆழித்தேர் புதுப்பிக்கப்பட்டு 2015-ல் அப்படித்தான் வெள்ளோட்டம் கண்டது. திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பூட்டிய தேர் அது. எந்த மூலையில் திரும்ப மறுக்கிறது, எங்கே முட்டுக்கட்டை போட வேண்டும் என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான பக்தர்கள் கூடுவதற்கு முன்பே தெரிந்துவிட வேண்டும் அல்லவா?

இனிக் கணினிக்கு வருகிறேன். மெய்நிகர் உலகம் என்று இன்று சொல்கிறார்களே, அது திரைக்குள் இருக்கும் மணல்வெளி. அதில் நமக்கு ஓர் உருவம் உண்டு. நடக்கலாம், கட்டலாம், இடிக்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து வேலை செய்யலாம். இங்குள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மைன்கிராஃப்ட் என்ற பெயர் தெரியும். சுவீடன் நாட்டு மோஜாங் நிறுவனம் 2011-ல் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு அது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் அதை 250 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2016-ல் பள்ளிகளுக்கென்று தனிப் பதிப்பு வந்தது. அதில் எல்லாமே கனசதுரக் கற்கள்; ஒரு கல்லின் பக்கம் ஒரு மீட்டர்.

ஒரு சிறுவன் தன் மாதிரிக் கோயிலில் அந்தி சாய்ந்ததும் விளக்கு தானே எரிய வேண்டும் என்று நினைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பகல் வெளிச்சத்தை உணரும் பலகை ஒன்று அந்த விளையாட்டில் உண்டு. ரெட்ஸ்டோன் என்னும் சிவப்புத் தூளைக் கம்பி போல் இட்டு அதை விளக்கோடு இணைக்கிறான். என்ன நடக்கிறது? பட்டப்பகலில் விளக்கு எரிகிறது, இருட்டியதும் அணைந்துவிடுகிறது! வெளிச்சம் இருக்கும்போதுதான் அந்தப் பலகை விசை கொடுக்கும். இப்போது பையன் யோசிக்க வேண்டும். "வெளிச்சம் இருந்தால்" என்பதை "வெளிச்சம் இல்லாவிட்டால்" என்று திருப்ப வேண்டும். நடுவில் ஒரு ரெட்ஸ்டோன் தீப்பந்தத்தை வைத்தால் அது விசையைத் தலைகீழாக்கும். பலகையையே தட்டித் திருப்பிவிடும் குறுக்கு வழியும் இருக்கிறது. ஆனால் அதை நான் முதலில் சொல்லித் தர மாட்டேன். "இதுவும் அதுவும்", "இதுவோ அதுவோ", "இது இல்லையேல்" என்னும் மூன்று சொற்கட்டுகளை வைத்துத்தான் இன்றைய கணினி முழுவதும் ஓடுகிறது. கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடும் பாடம் இது. விளக்கு தப்பாக எரிந்தால் இருக்கையை விட்டு எழுந்து வந்து கேட்பார்கள்.

ஆள் வந்தால் கதவு திறப்பதும், இருட்டினால் விளக்கு எரிவதும், தொட்டி நிறைந்தால் குழாய் நிற்பதும் ஆகிய இப்படித் தானே உணர்ந்து இயங்கும் சூழல்களைப் பற்றித்தான் நம்மைச் சுற்றி எங்கும் பேச்சு. 2006-ல் தொடங்கிய இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டத்தின் ஐந்து முதன்மை மண்டலங்களில் செனாய் – ஸ்கூடாய் ஒன்று. மின்னணுத் தொழிற்சாலைகளில் நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் ஷிப்டு முறையில் சர்க்யூட் பலகைகளைப் பூட்டிக் கொடுக்கிறார்கள். பலகை எதற்காகப் போகிறது என்பதை வடிவமைக்கும் அறையில் நம்மவர் எத்தனை பேர்? அந்தக் கேள்வியை இன்று விரிக்கவில்லை. அந்த அறைக்குப் போகும் பாதை பத்து வயதில் இப்படிப்பட்ட விளக்கில் தொடங்கலாம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூர் இதைப் பெரிய அளவில் செய்தது. நாடு முழுவதையும் கட்டடம் கட்டடமாகக் கணினிக்குள் முப்பரிமாணத்தில் அமைக்கும் "வெர்ச்சுவல் சிங்கப்பூர்" திட்டத்தை 2014-ல் அறிவித்தார்கள். செலவு 7 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி. அரசாங்கம் கட்டிய சிற்றில் என்று அதைச் சொல்லலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது, அங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் மைக்கேல் ஜேக்கப்சன் என்பவரின் குழு 2000-களில் அமைத்த "வெர்ச்சுவல் சிங்கப்பூரா". இது 19-ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூர். ஊரில் நோய் பரவுகிறது. மாணவர்கள் காலத்தில் பின்னோக்கிப் போய்த் தெருத் தெருவாக நடந்து, மக்களை விசாரித்து, எதனால் இந்த நோய் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு முன்னோடி, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் டீட் உருவாக்கிய "ரிவர் சிட்டி". தண்ணீரால் ஒரு நோய், காற்றால் ஒரு நோய், பூச்சியால் ஒரு நோய் என மூன்றும் ஒரே ஊரில் கலந்து கிடக்கும், பிரித்தறிய வேண்டும். மருத்துவமனைக் கூடத்தில் டெங்கிக் காய்ச்சலுக்காகக் காத்துக் கிடந்த அனுபவமுள்ள நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது அன்னியமான கதை அன்று.

அதே கல்விக் கழகத்தில் அக்காலத்தில் பணியாற்றிய மனு கபூர் என்ற அறிஞர் 2008-ல் ஒரு கருத்தை வெளியிட்டார். முதலில் கணக்கைக் கொடுத்து மாணவர்களைத் திணற விட வேண்டும். அவர்கள் நாலு வழியில் முயன்று தோற்ற பிறகு பாடத்தை நடத்தினால் ஆழமாகப் பதிகிறது என்று சோதனைகளால் காட்டினார். ஆங்கிலத்தில் அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் பயனுள்ள தோல்வி எனலாம். நான் பணியில் இருந்த காலத்தில் பாட அட்டவணை அதற்கு இடம் கொடுக்காது. மணி அடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை வகுப்புக்கு மணியும் இல்லை, தேர்வும் இல்லை.

எல்லாம் வெற்றிக் கதை என்று நினைத்துவிடக் கூடாது. 2003-ல் செகண்ட் லைஃப் என்றொரு மெய்நிகர் உலகம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் உலகமெங்கும் பல்கலைக்கழகங்கள் அதில் இடம் வாங்கி, விரிவுரை மண்டபம், நூலகம் என்று கட்டித் தள்ளின. பிறகு பல மண்டபங்களில் ஈ, காக்கை இல்லை. கும்பாபிஷேகம் முடிந்த மறுநாள் பூட்டிவிட்ட கோயில் போல ஆயிற்று. நம் நாட்டிலும் 1999-ல் 87 பள்ளிகளில் செக்கோலா பெஸ்தாரி திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஆசிரியர் என்ற முறையில் அக்காலத்தைப் பார்த்தவன் சொல்கிறேன், கருவி எப்போது வரும் என்று கேட்ட அளவுக்குப் பிள்ளை அதில் எதைச் செய்யும் என்று நாம் கேட்கவில்லை.

செய்ய வேண்டிய காரியத்தை முன்னால் வைத்த ஓர் உதாரணம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பும் மோஜாங் நிறுவனமும் 2012-ல் "பிளாக் பை பிளாக்" என்ற திட்டத்தைத் தொடங்கின. முதலில் சென்ற இடங்களில் ஒன்று கென்யாவின் நைரோபி நகரில் உள்ள கிபேரா என்னும் ஏழைக் குடியிருப்பு. கட்டடக் கலைஞர் வரைந்து வரும் வரைபடம் அங்குள்ள மக்களுக்குப் புரியாது. அதே மைதானத்தை மைன்கிராஃப்டில் காட்டி, நீங்களே மாற்றிக் காட்டுங்கள் என்று கணினியைக் கையில் கொடுத்தார்கள். வியட்நாமின் ஹனோய் நகரில் பதின்ம வயதுப் பெண்கள் தாங்கள் அஞ்சி நடக்கும் இடங்களை அப்படியே கட்டிக் காட்டி, எங்கே விளக்கு வேண்டும், எங்கே மறைப்பு கூடாது என்று சொன்னார்கள். குழுக்கள் கட்டியவற்றைப் பார்த்துத்தான் வல்லுநர்கள் இறுதி வரைபடம் தயாரிக்கிறார்கள்.

இப்போது நம் மண்டபத்துக்கு வருவோம். வரைபடம் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. எத்தனை பேர் நின்று பார்த்தோம்? பார்த்தவர்களுக்கும் கோடுகள்தான் தெரிந்திருக்கும். வாசலில் மூன்று படிகள் போட்டிருக்கிறார்கள். படி ஒன்றுக்கு ஆறு அங்குலம் என்றால் ஒன்றரை அடி உயரம். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வேண்டுமானால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான அளவு. ஆகப் பதினெட்டு அடி வேண்டும். அந்தப் பதினெட்டு அடியில்தான் காலணி அடுக்கும் கை கழுவும் குழாய்களும் வரைபடத்தில் இருக்கின்றன. சிமெண்டு ஊற்றிய பிறகு இது தெரிந்தால் உபயகாரர்களின் பணம் இரண்டு முறை செலவாகும்; ஊற்றுவதற்கு முன் தெரிந்தால் ஒரு பிள்ளை நான்கு கற்களை நகர்த்தினால் போதும்.

ஆகவே என் கோரிக்கை இது. கணினி வகுப்பின் முதல் வேலையாகப் பிள்ளைகள் இந்த மண்டபத்தைத் திரைக்குள் கட்டட்டும். கட்டி முடித்ததும் அதை விளையாட்டாக்க வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பந்திக்கு நுழைகிறார்கள். யார் எங்கே முட்டிக்கொள்கிறார்கள், கை கழுவ வருகிறவரும் சாம்பார் வாளி தூக்கி வருகிறவரும் எந்த இடத்தில் எதிர்ப்படுகிறார்கள் என்று மற்றவர்கள் குறிக்க வேண்டும். திரை மனிதனுக்கு முட்டிவலி கிடையாது, இலையில் ரசம் வழியாது என்பது உண்மை. அதற்காகத்தான் ஒவ்வொரு கணினி பக்கத்திலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ உட்கார வேண்டும் என்கிறேன். "இந்த இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும் ஐயா" என்று அவர்கள் சொல்ல, பேரப்பிள்ளை வைக்கட்டும். சாய்தளத்துக்கு மட்டும் ஒரு கல்லை அரை அடியாகக் கொண்டு பெரிதாக்கிய தனி மாதிரி செய்யலாம். சரிவு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அன்பர் ஒருவர் தலையில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடிகள் வாங்கித் தர முன்வந்திருக்கிறார். அவருடைய நல்ல மனத்துக்கு நன்றி. ஆனால் அதை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருக்கும் பாட்டி தெரியமாட்டார். அந்தப் பணத்தை வகுப்பை நடத்தும் இளைஞருக்கு மாதச் சம்பளமாகக் கொடுக்கலாம் என்று அவரிடம் நேரிலும் சொன்னேன். சிரித்துக்கொண்டே யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தாய்மார்களின் அச்சம் எனக்குத் தெரியும். இணைய விளையாட்டுகளில் முகம் தெரியாதவர் வந்து பேசுவதும், பிள்ளைகள் கேட்காமல் பணம் செலவழிப்பதும் நடக்கின்றன. அதனால் இங்கே இணையம் கிடையாது. லுவாந்தி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. 2010-ல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கி, 2024-ல் பெயர் மாறியது. அதிலும் கற்களால் உலகம் கட்டலாம். உணர்த்தி, விளக்கு போன்ற கூட்டுப் பொருள்களும் இலவசம். பழைய கணினிகளிலும் ஓடும். ஒரே அறைக்குள் கணினிகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் வெளியாள் யாரும் நுழைய வழியில்லை. நேரம் ஒன்றரை மணி. பிறகு தேவாரம்.

ஆகவே புதுக் கணினிகள் கேட்கவில்லை. அலுவலகத்தில் மாற்றிப் போட்ட கணினிகள் இருந்தால் கொடுங்கள். பன்னிரண்டு தேவை, இதுவரை ஐந்து சேர்ந்திருக்கின்றன. தச்சு வேலை தெரிந்தவர் மேசை போட உதவலாம். குத்தகையாளரிடம் வரைபடத்தை ஒப்படைப்பதை இரண்டு மாதம் தள்ளி வைக்கும்படி செயலவையைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மாதம் போதும்.

முதல் சனிக்கிழமை கணினியைத் தொடப் போவதில்லை. இருக்கிற மண்டபத்தை அளக்கப் போகிறோம். மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகளைக் குறிப்பேடும் பென்சிலுமாக அனுப்பி வையுங்கள். அளவு நாடா என்னிடம் இரண்டு இருக்கிறது. இன்னும் ஒன்று யாராவது கொண்டுவந்தால் மூன்று குழுவாகப் பிரிக்கலாம்.