முன் அச்சை மாற்றலாமா?

பெங்களூரில் மோட்டார்த் தொழில் புரியும் நம்மவர் ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளை நன்கு அறிவர். அவர்கள் முன் எழும் வினா ஒன்று உண்டு.

2010இல் வெளிவந்த மஹீந்திரா தார் சி.ஆர்.டி.இ. வண்டியில் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். அவ்வமைப்பை நீக்கி, பழைய ஜீப்பிற்போல இரு சக்கரங்களையும் பிணைக்கும் ஒரே அச்சைப் பொருத்தித் தரும்படி சிலர் வேண்டுவர். பாறைமேல் ஒரு சக்கரம் ஏறினால், அவ்வச்சு துலாக்கோல்போற் சாய்ந்து மற்றதைத் தரையில் அழுத்தும், உறுதியும் மிகுதி.

நெடுஞ்சாலையிலோ ஒரு சக்கரத்தின் அதிர்ச்சி மற்றதையும் தாக்கும். ஸ்டியரிங் தண்டும், அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் தண்டும் ஒரே சாய்வில் அமையாவிடில், பள்ளந்தோறும் வண்டி தானே திசை மாறும். பற்றவைப்புப் பிழைத்தால் உயிருக்கே கேடு.

அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது.

போட்டிக்கென்றே ஒதுக்கிய வண்டிக்கு அவ்வச்சுப் பொருந்தலாம். குடும்பத்தோடு ஓசூர்ச் சாலையிற் செல்லும் வண்டிக்கு ஆலை அமைத்ததே நன்று. இதனை எடுத்துரைத்து, வேண்டுமிடத்து மறுப்பதும் தொழில்திறமையே.