ஒரு பொறி போதும்



சித்தூரிலும் திருப்பதியிலும் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆனாலும் நம் வீட்டு விளக்குக்கும் நிலக்கரிக்கும் உறவு உண்டு. கரியை எரித்துத்தான் நிறைய மின்சாரம் எடுக்கிறார்கள். தெலங்கானாவில் உள்ள சிங்கரேணியில் இன்றும் பலர் பூமிக்கு அடியில் இறங்கிக் கரி வெட்டுகிறார்கள்.

அங்கே அவர்களுக்கு இரண்டு எதிரிகள்.

ஒன்று, மீத்தேன் வாயு. அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. காற்றைவிட லேசானது. அதனால் கூரை ஓரம் தங்கும். 100 பங்கு காற்றில் அது 5 முதல் 15 பங்கு வரை இருந்தால் ஆபத்து. ஒரு பொறி பட்டாலே வெடிக்கும்.

மற்றொன்று, கரித்தூள். துரோபதை அம்மன் கோயில் கூத்தில் பார்த்திருப்பீர்கள். தீவட்டியில் குங்கிலியத் தூளை வீசுவார்கள். குப்பென்று தீ எழும். கட்டியாக இருந்தால் மெதுவாக எரியும். தூளாகப் பறந்தால் நொடியில் எரியும். கரித்தூளும் அப்படித்தான்.

முதலில் வாயு வெடிக்கும். அந்த வேகத்தில், படிந்து கிடக்கும் தூள் கிளம்பும். அதுவும் பற்றிக்கொள்ளும். இன்னும் தூளைக் கிளப்பும். தீ சுரங்கம் எங்கும் ஓடும். தீக்குத் தப்பியவரை நச்சுப்புகை கொல்லும்.

1965 மே 28 அன்று தோரி சுரங்கம் வெடித்தது. அது இன்றைய ஜார்க்கண்டில் உள்ளது. 268 பேர் இறந்தார்கள். 1906-இல் பிரான்சு நாட்டில் நடந்த வெடிப்பில் 1,099 பேர் மாண்டார்கள்.

இதைத் தடுக்க முடியுமா? முடியும்.

பெரிய விசிறிகள் நல்ல காற்றை உள்ளே ஓட்டவேண்டும். வாயுவை அடிக்கடி அளக்கவேண்டும். அது 100-க்கு 1.25 பங்கைத் தாண்டினால் அங்கே மின்சாரத்தை நிறுத்தவேண்டும். கரி வெட்டும் இடத்தில் தண்ணீர் தெளிக்கவேண்டும். பாதைகளில் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவவேண்டும். அது எரியாது. கரித்தூளோடு கலந்து, சூட்டை இழுத்துத் தீயை அடக்கும்.

பீடி, தீப்பெட்டி கொண்டு போகக்கூடாது. இறங்கும் முன் சோதனை உண்டு. சோதிப்பவரிடம் கோபப்படலாமா? ஒருவர் பற்றவைக்கும் பீடி, எல்லார் வீட்டு விளக்கையும் அணைத்துவிடும்.

நம் சமையலறைக்கும் இதில் பாடம் உண்டு. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும். வாயு நாற்றம் வந்தால் மின் சுவிட்சைத் தொடாதீர்கள். தீக்குச்சி உரசாதீர்கள். சிலிண்டரை மூடுங்கள். கதவு, சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

சுரங்கமானாலும் வீடானாலும், ஒரு பொறி போதும். கவனமாக இருப்போம்.