நம்பிக்கை என்பது ஒரு முயற்சி

(ஆத்தூரில் பங்கு யூபிலி விழாவையொட்டி நடந்த தியான நாளில் ஆற்றிய உரை)

  

யூபிலி என்றவுடன் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் விருந்தும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவைதான். ஆனால் லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைப் படித்தால், யூபிலியின் வேறொரு முகம் தெரிகிறது. ஐம்பதாவது ஆண்டில் இஸ்ராயேல் மக்கள் விதைக்கக் கூடாது. அறுவடை செய்யக் கூடாது. கைமாறிப்போன காணியை உரியவனிடம் திருப்பித் தர வேண்டும். அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். விதைக்காமல் எதை உண்பது? வெள்ளாமை செய்து பிழைக்கும் நமக்கு அந்தக் கேள்வியின் கனம் நன்றாகவே தெரியும். ஆகவே யூபிலி முதன்முதலில் கொண்டாட்டமாக அல்ல, கடவுளை நம்புவதற்கான ஒரு பரீட்சையாகவே வந்தது.

நம் பாட்டிமார் காலையிலும் மாலையிலும் சொல்லிக்கொடுத்த செபங்களை நினைத்துப் பாருங்கள். விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று அவற்றுக்குப் பெயர். சிறு வயதில் வாய்ப்பாடுபோல் ஒப்புவித்தோம். பெயரின் பொருளை யோசித்ததில்லை. நம்பிக்கை என்பது மனத்தில் தானாக ஊறும் ஓர் உணர்ச்சி என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதை 'முயற்சி' என்று அழைத்திருப்பார்களா? மனம் இருண்டு கிடக்கும் நாளிலும் எழுந்து செய்ய வேண்டிய வேலை அது. இன்று செபப் புத்தகங்களில் 'எதிர்நோக்கு' என்ற சொல் வந்திருக்கிறது. நல்ல சொல். ஆயினும் அந்தப் பழைய 'முயற்சி'யை நாம் கைவிட்டுவிடக் கூடாது.

இந்த முயற்சிக்கு நம் சேலத்துச் சீமையிலேயே ஒரு சாட்சி உண்டு. இத்தாலி நாட்டில் பிறந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி சுவாமி 1606-இல் மதுரைக்கு வந்தார். தமிழும் வடமொழியும் கற்று, நம்மவரைப்போல் உடுத்தி, நம்மவரைப்போல் உண்டு வாழ்ந்தார். அதற்காகவே தம் சொந்தத் துறவிகள் சிலராலேயே குற்றம் சாட்டப்பட்டார். வழக்கு உரோமைவரை சென்றது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 1623 ஜனவரியில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவர் வழிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் அவர் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டு, சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்து சேர்ந்தார். சேலத்தில் முதலில் அவருக்குத் தங்க இடம் கொடுப்பாரில்லை. ஆனாலும் அவர் திரும்பிப் போகவில்லை. 1625-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது, சேந்தமங்கலத்து ஆட்சியாளரின் அண்ணனான திருமங்கல நாயக்கர் ஞானஸ்நானம் பெற்றார்.

அந்தக் குருவானவர் முதுமையில் கண்பார்வை மங்கி, 1656-இல் மயிலாப்பூரில் உயிர் நீத்தார். சேலம் மறைமாவட்டம் உருவானதோ 1930-இல். இடையில் எத்தனை தலைமுறைகள்! தாம் நடந்த மண்ணில் இத்தனை கோயில் மணிகள் ஒலிக்கும் என்பதை அவர் கண்ணால் காணவில்லை. காணாததற்காகவே உழைத்தார்.

நாம் குச்சிக்கிழங்கு நடுகிறவர்கள். காய்ந்த விறகுபோல் இருக்கும் ஒரு கரணையை மண்ணில் ஊன்றிவிட்டு, ஏறத்தாழ பத்து மாதம் காத்திருக்கிறோம். கிழங்கு இறங்கியிருக்கிறதா என்று நாள்தோறும் தோண்டிப் பார்த்தால் செடி பிழைக்குமா? அதற்காக நாம் சும்மா இருப்பதும் இல்லை. தண்ணீர் கட்டுகிறோம், களை எடுக்கிறோம், மண் அணைக்கிறோம். கடவுளை நம்புவதும் அவ்வாறே. வளரச் செய்வது அவர் கையில். களை எடுப்பது நம் கையில்.

இங்கே உங்களில் சிலர் மனத்துக்குள் ஒரு கேள்வி கேட்பது நமக்குத் தெரிகிறது: “நாங்களும்தான் மன்றாடினோம். எங்கள் வீட்டில் சாவு விழுந்ததே?” இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் சொல்வது பாவம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது மழைக்காக மன்றாடினோம். கிணறுகள் வற்றத்தான் செய்தன. 2020-இல் பாஸ்கு திருவிழாவன்று கோயில் கதவுகள் மூடிக் கிடந்தன. அந்தக் கொள்ளைநோய்க் காலத்தில், அன்புக்குரியவர்களின் முகத்தைக்கூட சரியாகப் பார்க்காமல் நாலைந்து பேராக நின்று அடக்கம் செய்தோம். கேட்டது எல்லாம் கிடைக்கும் என்று சொல்வது நம் விசுவாசம் அல்ல. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரும் தம் துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று மன்றாடினார். அது அகலவில்லை. ஆனாலும் தந்தையை 'அப்பா' என்று அழைப்பதை அவர் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் கல்லறை திறந்தது. நம் நம்பிக்கையின் வேர் அந்தக் கல்லறையில் இருக்கிறது; நம் விண்ணப்பங்களின் வெற்றி தோல்வியில் இல்லை. நேர்த்திக்கடனைக் கொடுக்கல் வாங்கலாக நினைப்பவன் ஒரு தோல்வியில் ஒடிந்துபோவான். பிள்ளையாக நிற்பவன் அழுவான். ஆனால் தகப்பன் வீட்டை விட்டுப் போகமாட்டான்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2025-ஆம் ஆண்டை எதிர்நோக்கின் யூபிலியாக அறிவித்து, 2024 கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின இரவு புனிதக் கதவைத் திறந்தார். 2025 ஏப்ரல் 21, பாஸ்கு திருநாளின் மறுநாள், இறைவனடி சேர்ந்தார். தாம் தொடங்கிய யூபிலியின் முடிவை அவர் பார்க்கவில்லை. திருச்சபையின் வழக்கமே இதுதான்: ஒருவர் விதைக்க, வேறொருவர் அறுக்கிறார்.

இனி நாம் செய்ய வேண்டிய முயற்சி என்ன? இரண்டே காரியங்கள் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, மாலையில் வீட்டில் விளக்கேற்றிக் குடும்பமாகச் செபமாலை சொல்லும் வழக்கத்தைத் திரும்பப் பிடிப்போம். மனம் ஒட்டாத நாளிலும் சொல்வோம். முயற்சி என்பதன் பொருளே அதுதான்.

இரண்டாவது, இந்த யூபிலியில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வீட்டுப் படியேற வேண்டும். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து, இப்போது வராமல் போன வீடு ஒன்று உங்கள் தெருவில் இருக்கும். கடனால் தலைகுனிந்தவர் இருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருக்கலாம். “ஏன் கோயிலுக்கு வரவில்லை?” என்று கேட்காதீர்கள். “சாப்பிட்டீர்களா?” என்று கேளுங்கள். அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நம்பிக்கை இழந்தவருக்கு அந்த நேரத்தில் பிரசங்கம் தேவையில்லை. அவருக்காக நம்பிக்கை வைக்க இன்னொருவர் தேவை. தனியாக முடியாத முயற்சியைச் சேர்ந்து செய்யத்தானே ஆண்டவர் நம்மை ஒரு பங்காகக் கூட்டியிருக்கிறார்?

வெளியிலே தேர் வலம் வரட்டும். அதற்கு முன்பாக, அடைத்துக் கிடக்கும் ஒரு வீட்டுக் கதவு நம்மால் திறக்கட்டும். தேவ அன்னையின் மன்றாட்டால் ஆண்டவர் நம் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.