எல்லாவற்றையும் திலகவதியின் தலையில் கட்டாதீர்கள்



அப்பர் பெருமானைப் பற்றிப் பேச இந்தத் திருவதிகையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் அவருடைய அக்கா திலகவதியாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தாய் தந்தையர் போய்ச் சேர்ந்தார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உயிரை விடத் துணிந்த திலகவதியார் தம்பிக்காகவே உயிர் தரித்தார் என்கிறார் சேக்கிழார். பின்னாளில் சூலை நோயில் துடித்த அந்தத் தம்பி, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தேடி வந்தது இங்கே அக்கா இருந்த திருமடத்தைத்தான்.

அப்படிப்பட்ட அக்காக்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள தம்பி இருக்கும் வீட்டில் பெண் கேட்க வருகிறவர்கள், முதலில் தம்பியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அவள் கல்யாணமே வேண்டாம் என்று நின்றுவிட்டால், என்ன தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். அந்தத் தியாகத்தை அவளிடம் கேட்க நமக்கு என்ன உரிமை?

ஆட்டிசம் உள்ள பிள்ளை சிறுவனாக இருக்கும்வரை பள்ளி உண்டு, பயிற்சி உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உறுதி தரும் இலவசக் கல்வி 18 வயதோடு முடிகிறது. அப்போது அவன் அப்பாவைவிட உயரம். பேச்சு வராது, கூடவே வலிப்பு, இரவில் தூக்கம் கிடையாது. எங்கோ வெடி வெடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுகிறான். அது பிடிவாதம் இல்லை. அந்தச் சத்தத்தை அவன் உடம்பு தாங்கவில்லை. பகலெல்லாம் முந்திரி உடைத்துவிட்டு வந்த அம்மாவுக்கு அவனைப் பிடித்து நிறுத்த வலு ஏது? "எங்களுக்கு அப்புறம் இவனை யாரு பாத்துக்குவாங்க?" என்று அந்தத் தாய்மார்கள் கேட்கிறார்கள்.

சட்டமும் இதை யோசித்திருக்கிறது. பெற்றோர் மறைந்த பிறகான பராமரிப்புக்கு வழி செய்வது, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கலாம். காகிதத்தில் காப்பாளர் கிடைத்துவிடுவார். படுக்க இடம்? வேளைக்கு மாத்திரை கொடுக்கக் கை?

அதற்கு ஓர் இல்லம் வேண்டும். இல்லம் என்றதும் உங்களில் பலருக்கு வயிறு கலங்கும். நியாயம்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி, 28 பேர் இறந்தார்கள். 2023இல் நமக்குப் பக்கத்திலேயே, விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், உரிமம் இல்லாமல் நடந்த ஆசிரமம் ஒன்றிலிருந்து ஆதரவற்றவர்களை அதிகாரிகள் மீட்டார்கள். பணம் கொழிக்கும் இங்கிலாந்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கான வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் நடந்த அடி உதைகளை, 2011இல் பிபிசி நிருபர் ஒருவர் ஊழியராகச் சேர்ந்து படம் பிடித்தார். 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இந்த மூன்று இடங்களிலும் ஊர் எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் நடத்தியவர்களுக்கு அந்தத் தைரியம் வந்தது.

ஆகவே, எங்கோ மலையடிவாரத்தில் நூறு பேரை அடைக்கும் கட்டடம் நமக்கு வேண்டாம். சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, நீண்ட காலம் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில், சாதாரண வீடுகளில் குடிவைத்து, துணைக்குப் பணியாளரையும் வைத்தது. நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு வீடு போதும். கெடிலம் ஆற்றங்கரையிலேயே, அம்மா சாயங்காலம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரும் தூரத்தில் இருக்கட்டும். வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், கௌரவமான சம்பளம் கொடுங்கள். மாதம் ஒரு முகம் மாறினால் இந்தப் பிள்ளைகள் நிலைகுலைந்து போவார்கள். பெற்றோர் எந்த நேரம் வந்து தட்டினாலும் கதவு திறக்க வேண்டும்.

திலகவதியார் தனியாக ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடக்கவில்லை. கோயிலும் ஊரும் சூழ்ந்த மடத்தில்தான் இருந்தார். அந்த ஊரில் இருக்கிற நமக்கு இந்தப் பொறுப்பு இல்லையா?

நம் பண்ருட்டி வட்டத்தில் இப்படியொரு இல்லம் வேண்டும் என்று ஆட்சியருக்கு எழுதிய மனு வாசலில் இருக்கிறது. வீடு வாடகைக்குத் தரக்கூடியவர்கள் பெயரையும் எழுதுங்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.