ஜப்பானில் நான் பார்த்த கார் டியூனிங் கடைகள்

(பொதுக்குழுக் கூட்டத்துக்குப் பிறகு, தேநீர் நேரத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜப்பான் பயணம் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். கோயில், புல்லட் ரயில் எல்லாம் என் மனைவி அடுத்த இதழில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தது கார் டியூனிங் கடைகள். சற்று முன் பொதுக்குழுவில் இரவு நேர சைலன்ஸர் சத்தம் பற்றிச் சூடாகப் பேசினோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வங்கியில் 34 வருடம் கிளார்க்காக இருந்தவனுக்குக் கார் மேல் என்ன ஆசை என்று கேட்பீர்கள். இந்தப் பக்கம் வளர்ந்தவனுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. அதுவே 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தது. என் அப்பா ஒரு சின்னப் பட்டறையில் எஞ்சின்களை ஓட்டிச் சோதிக்கும் வேலையில் இருந்தார். சிறு வயதில் என்னைச் சோழவரம் பந்தயத்துக்குக் கூட்டிப்போவார். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் அது. தெருவில் ஓடும் ஃபியட், ஹெரால்டு வண்டிகளை நம் ஊர் மெக்கானிக்குகள் பிரித்து மேய்ந்து, அங்கே பறக்கவிடுவார்கள். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

மகள் யோகோஹாமாவில் வேலை செய்கிறாள். மூன்று வாரம் அங்கே தங்கினோம். முதலில் போனது சுருமி பகுதியில் இருக்கும் நிஸ்மோ. நிஸ்ஸானின் பந்தயப் பிரிவு, 1984-ல் தொடங்கியது. கால்வாய், தொழிற்சாலை, லாரி என்று சுருமியைப் பார்த்ததும் எனக்கு நம் மணலி ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே பந்தயக் கார்களை வைத்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய ஜிடி-ஆர் வண்டிகளைப் புதிதுபோல் ஆக்கித் தருகிறார்கள். ஆர்32 மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்காமல் சொந்தக்காரர்கள் தவித்ததால், 2017-ல் அவற்றை மறுபடியும் தயாரிக்கவே தொடங்கினார்கள். நாம் பத்து வருட வண்டியையே "பழசு" என்று தள்ளிவிடுகிறோம்.

அடுத்து, டோக்கியோவில் டைப் ஒன். ஹோண்டா வண்டிகளை டியூன் செய்யும் ஸ்பூன் நிறுவனத்தின் கடை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. தெருவில் நின்றே வேலையைப் பார்க்கலாம். மகள் மொழிபெயர்க்க, எனக்கு ஒரு அலுமினிய வளையத்தைக் காட்டினார்கள். காரின் சப்ஃபிரேமை பாடியோடு பூட்டும் போல்ட் துளையில் இம்மியளவு இடைவெளி இருக்குமாம். அந்த இடைவெளியை இந்த வளையம் அடைக்கிறது. ஆட்டம் போய், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கிறது. இதனால் சத்தமும் வராது, வண்டியின் பவரும் கூடாது. எனக்கு வங்கி ஞாபகம்தான் வந்தது. ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் டேபுக் டேலி ஆகும் வரை எங்களை வீட்டுக்கு விடமாட்டார்கள். டியூனிங் என்பதும் அதேதான். சின்ன வித்தியாசத்தைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வது.

பழைய பாகங்கள் விற்கும் அப் கராஜ் கடைக்கும் போனேன். நம் புதுப்பேட்டைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலைச்சீட்டு. ஆசைப்பட்டு ஒரு சின்ன ஸ்டீயரிங் வாங்கிவிட்டேன். ஊருக்கு வந்ததும் மாப்பிள்ளை ஒரே கேள்வி கேட்டார்: "மாமா, ஏர்பேக் எங்கே?" நம் காரில் ஓட்டுநருக்கான ஏர்பேக் ஸ்டீயரிங்குக்குள்தான் இருக்கிறது. மாற்றினால் அது போய்விடும். இப்போது பேரன் அதை வைத்துக் கட்டில் மேல் கார் ஓட்டுகிறான்.

கடைசியாக டைகோக்கு. யோகோஹாமா துறைமுகத்தை ஒட்டி, எக்ஸ்பிரஸ் சாலையில் இருக்கும் வண்டி நிறுத்துமிடம். கார் பிரியர்கள் ராத்திரியில் கூடுவார்கள். சுற்றிலும் துறைமுகம்தான், குடியிருப்பு இல்லை. அங்கேயே கூட்டமும் சத்தமும் மிஞ்சினால் போலீஸ் வந்து மூடிவிடுவது உண்டு. அந்த நாட்டில் சொந்தக் காருக்கு முதல் மூன்று வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை. சைலன்ஸர் மாற்றலாம், ஆனால் புதிய வண்டிகளுக்கு ஒலி அளவு சோதிக்கப்பட்டதற்கான தகடு அதில் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் சட்டம் இன்னும் கடுமை. வண்டியின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி வரம்பு 45 டெசிபல்.

சட்டத்தை விடுங்கள். என் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் காது போய்விட்டது. பஞ்சை அடைத்துக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் நின்றவர். கடைசி வருடங்களில் பேத்தி கூப்பிட்டால் கேட்காது, அவள் வாயைப் பார்த்துச் சிரிப்பார். அவருக்குச் சத்தம் சம்பளத்தோடு வந்தது. நமக்கு ஏற்கெனவே எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் விடிய விடியக் கன்டெய்னர் லாரி. பி பிளாக்கில் கைக்குழந்தையோடு ஒரு தாய் தூங்காமல் இருக்கிறார். அதற்கு மேல் நாமே காசு கொடுத்துச் சத்தம் வாங்கி மாட்ட வேண்டுமா?

அதே சமயம் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையன்களை "ரவுடி" என்று இன்று ஒருவர் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. சோழவரத்தில் வேலி ஓரம் நின்ற நானும் அதே வயசுப் பையன்தான். காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதும் முன் எனக்கு ஒரு மாதம் கொடுங்கள். பழைய சைலன்ஸர் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது என்று அவர்களில் ஒருவன் நேற்று என்னிடம் ஒத்துக்கொண்டான். அதைத் திரும்ப மாட்டும் கூலி என்னுடையது. மாட்டியவர்களை, பந்தயம் நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு நானே கூட்டிப்போகிறேன். வேகம் எங்கே இருக்க வேண்டும் என்று பார்க்கட்டும். ஒரு மாதத்தில் நடக்கவில்லை என்றால், கடிதத்தில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

தம்பிகளா, பின்வரிசையில் நிற்கிறீர்கள் என்று தெரியும். டீ ஆறுவதற்குள் முன்னால் வந்து பெயர் கொடுங்கள்.