ஏதிலிப் பிள்ளையின் முகம்

(சிற்றாற்றங்கரைக் கங்கைகொண்டானில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூர்ப் பெயரை எழுதுந்தோறும் ஒரு வெற்றி எழுதப்படுகின்றது. கங்கை வரை படைநடத்திய இராசேந்திர சோழன் பூண்ட பட்டமே இவ்வூர்க்குப் பெயராயிற்று. அவன் வென்ற நாடுகளுள் ஈழமும் ஒன்று. ஆயிரம் ஆண்டு கழிந்தபின் அவ்வீழத்தினின்று தமிழர் இக்கரைக்கு வந்தனர். வாளேந்தி அன்று, கைப்பிள்ளைகளை ஏந்திப் படகேறி வந்தனர். 1983 சூலைக் கொடுமைக்குப் பின் தொடங்கிய அவ்வருகை, 2009இல் போர் முடியுங்காறும் அலையலையாக நிகழ்ந்தது. 2021இல் தமிழக அரசு வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்ந்தனர். நெல்லை மாவட்டத்திலும் அத்தகைய குடியிருப்புகள் உள்ளன. அவற்றை ஒட்டிச் செல்லும் சாலையில் நாளும் பேருந்தில் செல்வோர் பலர். அங்குள்ள ஒரு பிள்ளையின் பெயரேனும் அறிந்தவர் அவர்களுள் எத்துணையர்?

'அகதி' என்பது வடசொல். கதியற்றவன் என்று பொருள்படும். அதனை விலக்கி 'ஏதிலி' என்று தனித்தமிழ் அன்பர் வழங்கினர். நன்று. ஆயின், திருக்குறளில் 'ஏதிலார்' என்னும் சொல் அயலாரைக் குறிப்பதை ஈண்டு மறத்தல் ஆகாது. வடசொல் அப்பிள்ளையைக் கதியற்றது என்கின்றது. தமிழ்ச்சொல்லோ அயலான் என்கின்றது. சொல்லைத் தூய்மை செய்த அளவில் கடமை முடிந்ததென்று அமைந்துவிடுவார்க்கு இஃது ஓர் உறுத்தலாகவே இருத்தல் வேண்டும். அரசும் 2021 ஆகத்தில் 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றிற்று. பெயர்ப்பலகை மாறியபின்னும் உள்ளிருக்கும் பிள்ளை முன்போலவே முகமற்றதாய் நிற்கின்றது.

அம்முகத்தைக் காட்ட வல்ல கருவி ஒன்று உண்டு, அதுவே ஆவணப்படம். திரைப்படம் என்ற அளவில் முகஞ்சுளிப்போர் நம்மவருள் பலர். அச்சுளிப்பு முறையானதே; தமிழகத்தில் திரை செய்துள்ள கேடு சிறிதன்று. ஆயின் ஆவணப்படம் வேறு. ஆவணம் என்பது மன்றத்தின்முன் சான்றாக வைக்கப்படும் ஓலை. சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள வந்த முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் நீட்டியதும் ஆவணமே. பொய் கலந்தால் அது செல்லாது.

2013 பிப்பிரவரியில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். 'போரற்ற வலயம்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரொடு காலம் மக்ரே என்பார் ஆக்கிய ஆவணப்படத்தின் பொருட்டு வெளிப்பட்ட சில ஒளிப்படங்கள் உலகைச் சுற்றின. ஒன்றில், புலிகள் தலைவரின் பன்னிரண்டு அகவை மகன் மண்மூட்டை அரணுள் அமர்ந்து ஏதோ தின்பண்டம் தின்றுகொண்டிருக்கின்றான். மற்றொன்றில், மார்பில் குண்டு துளைத்துக் கிடக்கின்றான். இரண்டும் ஒரே கருவியால், சில மணிநேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்று படம் வாதிட்டது. இலங்கைப் படைத்தரப்பு மறுத்தது. தமிழகத்தை உலுக்கியது எந்தப் படம்? பிணங்களின் படங்களை நான்காண்டாகக் கண்டு கண்டு மரத்துப்போன கண்களை, தின்பண்டம் தின்னும் சிறுவனின் படமே திறந்தது. எல்லார் வீட்டுப் பிள்ளையும் அவ்வாறே உண்ணும்; அவ்வாறே நிமிர்ந்து பார்க்கும். அடுத்த மாதமே சென்னை இலயோலாக் கல்லூரி மாணவர் எண்மர் உண்ணாநோன்பு தொடங்க, அக்கிளர்ச்சி கல்லூரிகளை மூடுமளவிற்குப் பரவிற்று.

அவ்வாவணப்படத்திற்கு இந்தியத் தணிக்கைக் குழு 2014இல் சான்று மறுத்தது. மலேசியாவில் அதனைத் திரையிட்ட பெண்மணி ஒருவர் வழக்கிற்கு ஆளாகி, 2017இல் தண்டத்தொகை செலுத்த நேர்ந்தது. படத்திற்கு வலிமையில்லை என்பார் இவ்வச்சத்தைக் கண்டு தெளிக.

ஆயினும் இறந்த பிள்ளைக்காக அழுவது எளிது. உயிரோடிருக்கும் பிள்ளைக்கு இடங்கொடுப்பதே அரிது. அதனைச் செய்து காட்டிய ஊர் ஒன்று ஆத்திரேலியாவில் உண்டு. பிலோயீலா என்பது அதன் பெயர். ஏறத்தாழ ஆறாயிரவர் வாழும் சிற்றூர். அங்கு வாழ்ந்த ஈழத்தமிழ் இணையரையும், அந்நாட்டிலேயே பிறந்த அவர்தம் இரு பெண்மக்களையும் 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அதிகாரிகள் கொண்டுசென்றனர். 2019 ஆகத்தில் நாடுகடத்த வானூர்தியில் ஏற்றியபொழுது, உள்ளிருந்து கைப்பேசியில் எடுத்த காட்சிகள் வெளிவந்தன: தாயின் அலறலும் குழந்தைகளின் அழுகையும் வீடுதோறும் கேட்டன. வானூர்தி பறந்துகொண்டிருக்கையிலேயே நடுவர் தடையாணை பிறப்பித்தார். பின்னர் அக்குடும்பம் கிறித்துமசுத் தீவில் அடைக்கப்பட்டது. 2021இல் இளைய மகள் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தாள். அவள் கன்னத்தில் அக்கை முத்தமிடும் ஒளிப்படத்தை நாடே கண்டது. தமிழ் ஒரு சொல்லும் அறியாத அவ்வூரார், அவர்கள் எம் பிள்ளைகள், எம்மிடம் திருப்பித் தருக என்று நான்காண்டு இடையறாது கேட்டனர். 2022 சூனில் அக்குடும்பம் ஊர் திரும்பிற்று. படம் மட்டும் இதனைச் செய்துவிடவில்லை. வழக்கும் ஆட்சி மாற்றமும் துணைநின்றன. ஆனால் பெயரும் முகமும் அறியாத குழந்தைக்காக எவ்வூரும் நான்காண்டு நிற்பதில்லை.

சிரியப் போரால் யோர்தானின் சாத்தரி முகாமில் வாழ்ந்த பன்னிரண்டு அகவைச் சிறுமியைப் பற்றி 2015இல் ஒரு குறும்படம் வந்தது. அதன் சிறப்பு, அவள் கூற்றாகவே அது செல்வதுதான். வகுப்பறையும் ரொட்டி சுடுமிடமும் கால்பந்தாட்டமும் காட்டுகின்றாள். பிறர் அவளைப் பார்த்து இரங்கும் படமன்று. அவள் பிறருக்குத் தன் இடத்தைச் சுற்றிக்காட்டும் படம்.

தமிழகத்தில் அத்தகைய படம் எடுக்கப் புகுவார்க்கு மண்டபம் ஒன்றே போதும். வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாட்களைத் தொற்றுநோய் உண்டாவென அறியும்பொருட்டு அடைத்துவைத்த இடம் அது. நெல்லை, இராமநாதபுரம், திருச்சிப் பக்கத்து ஏழைமக்கள் அவ்வழியே சென்றனர். 1948இல் அவர்தம் வழியினரின் குடியுரிமையை இலங்கை பறித்தது. 1983க்குப் பின் ஏதிலியராய் வந்தோருள் அம்மலையகத் தமிழரும் மிகப் பலர். அவரையும் அதே மண்டபம் வரவேற்றது. ஆகலின், இம்மாவட்டத்துப் பள்ளியில் 'சிலோன்காரப் பிள்ளை' என்று சுட்டப்படும் சிறுவனின் கொள்ளுப்பாட்டன் இப்பொருநைக் கரையிலேயே ஏர்பிடித்தவனாக இருத்தல் கூடும். பாட்டி "கதைக்கிறாய்" என்பாள். பெயரன் "பேசுதேன்" என்பான். ஒரு திண்ணையில் இரு தமிழும் ஒலிக்கும் அவ்வுரையாடலைப் பதிவு செய்வதே ஓர் ஆவணமன்றோ?

இலீனா மணிமேகலை இயக்கிய 'செங்கடல்', தனுக்கோடி மீனவரையும் ஏதிலியரையும் அவரவராகவே நடிக்கச் செய்தது. அதற்கும் முதலில் தணிக்கையார் சான்று மறுத்தனர். 2011இல் மேல்முறையீட்டிற்குப் பின்னரே இசைவு கிட்டிற்று.

படமெடுப்பார் அறிய வேண்டுவன சில. கிழிந்த சட்டையையும் ஒழுகும் மூக்கையும் தேடித் திரியும் கருவி குழந்தையை மாந்தனாக்காது, இரவலனாக்கும். பெற்றோர் இசைவின்றியும் பிள்ளையின் விருப்பின்றியும் எடுத்தல் கூடாது. தீவில் உறவினர் உள்ளோர்க்கு முகம் வெளிப்படுதலே தீங்காகலாம். ஆண்டுக் குரல் மட்டும் போதும். முகாமுக்குள் நுழைய அதிகாரிகளின் இசைவு வேண்டும். அது எளிதில் கிட்டாது. பள்ளியோ எல்லார்க்கும் பொது. அங்கு அப்பிள்ளைகள் கையிலேயே கருவியைக் கொடுத்துவிட்டால் ஆசிரியர்க்குப் பாதி வேலை குறையும். முடிந்த படத்தை முதற்கண் அவர்களுக்கே காட்டுதல் வேண்டும். வேண்டாவென்று அவர்கள் சுட்டும் பகுதி எத்துணை அழகியதாயினும் வெட்டப்படுக.

இவையெல்லாம் வெறும் இரக்கத்திற்காக அல்ல. 1987 சூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தார் எவரும் பிறப்பால் குடிமக்கள். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாதல் வேண்டும். 2004 திசம்பர் முதலாகச் சட்டம் இன்னும் இறுகிற்று. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தமோ ஈழத்தமிழரைத் தொடவே இல்லை. மண்டபத்தில் 1986இல் பிறந்து திருச்சிக் கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த பெண்மணி ஒருவர், 2022இல் மதுரை உயர்மன்றத்தில் வென்று கடவுச்சீட்டுப் பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். ஓரிரண்டு ஆண்டு பிந்திப் பிறந்திருப்பின், அதே மண், அதே தாய்மொழி, அதே பள்ளி இருந்தும் அவர்க்கு அவ்வழி அடைபட்டிருக்கும். அவ்வாறு பிந்திப் பிறந்தோரின் மக்களே இன்று நெல்லைப் பள்ளிகளில் அமர்ந்து, தமிழ்த்தாய் வாழ்த்தைப் பிறரொடு சேர்ந்து பாடுகின்றனர். படக்கருவி முதலில் திரும்ப வேண்டியது அவ்வரிசையின் பக்கம்.